ஆறு மடிப்புக் கம்பளி

1978 அக்டோபர் 9, திங்கள்

மூன்று நாளாக வெயில் இல்லை. விடுதிப் பிள்ளைகளின் போர்வைகள் நாற்பதும் துணி அறையில் ஈரமாகவே தொங்குகின்றன. மேட்ரன் அம்மா என்னைத் திட்டுகிறார், மழை என் மாமனார் வீட்டுச் சொத்து என்பதுபோல. பள்ளிக்கூடத்துத் துணிகளைத் துவைத்து, தேய்த்து, அடுக்கிவைக்கத்தான் எனக்குச் சம்பளம். சூரியனைக் கூப்பிட்டு வரவும் சேர்த்தா கொடுக்கிறார்கள்?

லீமாவுக்கு மறுபடி இழுப்பு. ஏழு வயதுப் பிள்ளை மூச்சு விட்டால் கதவுக் கீல் மாதிரி சத்தம் வருகிறது. குளிர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். கோடைக்கானலில், குளிர் படாமல்! வீட்டில் இருப்பது இரண்டு போர்வை. இரண்டும் எனக்கு முன்னால் பிறந்தவை.

லீமா அப்பா வந்து ஒரு சேதி சொன்னார். அவருடைய பழைய முதலாளி மெரிட் துரை அமெரிக்காவுக்கே போகிறாராம். மகள் வந்து கூட்டிக்கொண்டு போகிறாளாம். சனிக்கிழமை எங்களை வரச் சொல்லியிருக்கிறார். "எனக்கு என்னமோ தரணுமாம் புள்ள. நீ வந்தாத்தான் அவரு பேசுறது எனக்கு வெளங்கும்."

1978 அக்டோபர் 14, சனி

முதலிலிருந்தே எழுதுகிறேன்.

லீமா அப்பா பதினொரு வருடம் துரையிடம் குதிரைக்காரராக இருந்தவர். துரையின் குதிரை போட்ட குட்டிதான் எங்கள் வெள்ளச்சி. ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சுற்றி, எங்கள் மூன்று பேருக்கும் கஞ்சி ஊற்றுகிறவள் அவள்தான். துரை அந்தக் காலத்தில் எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். போன வருடம் பக்கவாதம் வந்ததில் வலது கையும் போயிற்று, தமிழும் போயிற்று. பேசவும் வராது, கேட்டாலும் விளங்காது. ஐம்பது வருடத் தமிழ் ஒரே காலையில் வடிந்துவிட்டது. குழறலான இங்கிலீஷ் மட்டும் மிச்சம். மேட்ரன்களிடம் பதினான்கு வருடம் வசவு வாங்கியே இங்கிலீஷ் படித்தவள் நான், எனக்கு அது போதும்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். துரை பத்தொன்பது வயதில் அமெரிக்கக் குதிரைப்படையில் சேர்ந்தவராம். 1916-ல் மெக்சிகோ எல்லைப் பாலைவனத்தில் அலைந்தவராம். பிற்பாடு மிஷன் வேலைக்கு வந்து சமாதானம் பேசியவர், அதனால் இந்தப் பெட்டியை யாருக்கும் திறந்து காட்டியதில்லை. லீமா அப்பா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். துரை பெயர் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்.

ஒரு வாள். லீமா அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. "வளைவே இல்லையே! தோசைக் கரண்டிய நீட்டி விட்ட மாதிரில்ல இருக்கு." நேராக, ஒரு கையைவிட நீளமாக, கைப்பிடியை மூடிய பெரிய இரும்புக் கிண்ணத்தோடு இருந்தது. இது வெட்டுவதற்கு இல்லை, குதிரை பாய்ந்து ஓடும்போது நீட்டிப் பிடித்துக் குத்துவதற்கு என்றார் துரை. வைக்கோல் பொம்மைகளைத்தான் குத்தினார்களாம். மனிதனை யாரும் குத்தவில்லையாம், இறைச்சி வாட்ட உதவியதாம். துப்பாக்கிக்கு ஒரு நீளத் தோல் உறை, உள்ளே துப்பாக்கி இல்லை. கைத்துப்பாக்கிக்கு ஒரு உறை, அதுவும் காலி. சுடுவதையெல்லாம் சர்க்கார் திரும்ப வாங்கிக்கொண்டதாம். தோட்டா செருகும் இடுப்பு வார், தண்ணீர்க் குப்பி, குதிரை கொள்ளுத் தின்ன வாயில் மாட்டும் பை, குதிரையைக் கட்ட மண்ணில் அடிக்கும் இரும்பு முளை, கடிவாளம், குதிரையை முடுக்கக் குதிகாலில் மாட்டும் பித்தளை முள். எல்லாமே எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தவை.

பிறகு சேணம். லீமா அப்பா அதை மடியில் வைத்துத் தடவினார். நடுவில் நீளவாக்கில் ஒரு கை நுழையும் இடைவெளி. முதுகெலும்பில் படாமல் காற்றோட அப்படி வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் உயரம். பாதம் முழுக்க நுழையும் தோல் மூடி போட்ட அங்கவடிகள். பிறந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அதன் கீழே கம்பளி. பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், கனத்த கம்பளி. நடுவில் யு, எஸ் என்று இரண்டு எழுத்து. நான் அதைத் தொட்டேன். அத்தனை போர்வை துவைத்த கை இது. இப்படி ஒன்றை இதுவரை தொட்டதில்லை.

துரை இடது கையால் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இந்தச் சேணத்துக்கு அடியில் மெத்தை கிடையாது, வெறும் மரமும் தோலும்தான். இதற்கு மெத்தை இந்தக் கம்பளி. ஆறு மடிப்பாக மடித்து, குதிரையின் முடி கலையாமல் முன்னிருந்து பின்னால் இழுத்து, அதன்மேல்தான் சேணம். கம்பளி இல்லாமல் ஒரு நாளும் போடாதே. சேணத்தை விட்டாலும் விடு, கம்பளியை விடாதே. தாசிடம் சொல் என்றார். லீமா அப்பாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"என்ன சொல்றாரு? கம்பளிய விடாம புடிச்சிருக்காரே?" என்று கேட்டார் லீமா அப்பா.

நான் சொன்னேன்: "லீமாவுக்குப் போத்திவிடச் சொல்றாரு."

துரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன் என்று நினைத்துத் தலையாட்டினார். லீமா அப்பா கண் கலங்கிக் கும்பிட்டார்.

வேண்டுமென்றுதான் சொன்னேன். வாய் தவறவில்லை. இதை எழுதி வைத்துக்கொள்கிறேன், நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

1978 அக்டோபர் 15

லீமா விடியும்வரை இருமவில்லை.

1978 நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். பூசைக்குப் போய்விட்டு ஏரிக்கரை வழியாக வந்தேன். வெள்ளச்சி புதுச் சேணத்தோடு நின்றாள். அடியில் இரண்டு கோணிச் சாக்கை மடித்துப் போட்டிருக்கிறார் லீமா அப்பா. பழைய சேணத்தைப் பரண்மேல் தூக்கி எறிந்தாயிற்று.

துப்பாக்கி உறையில் குடையைச் செருகிவைத்திருக்கிறார். மழை வந்தால் உருவுகிறார். இன்னொரு குதிரைக்காரர் மயில்சாமி, பாச்சலூர்ப் பக்கத்து ஆள், விழுந்து விழுந்து சிரிக்கிறார். "ஏலே தாசு, எதிரிப்படை வந்தா குடைய வச்சே சுட்டுப்புடுவ போலிருக்கே." நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கண் கோணிச் சாக்கில் போய் நின்றது.

ஒன்றும் ஆகாது. சாக்கும் துணிதானே. இந்த ஊர்க் குதிரைகள் எல்லாம் சாக்கில்தான் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் சேணத்தில் வைக்கோல் மெத்தை இருக்கிறது. அது எனக்குத் தெரியும்.

1978 டிசம்பர் 26, செவ்வாய்

கிறிஸ்துமஸ் கூட்டம். வெள்ளனே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. எங்கள் குதிரைக்கு மட்டும் வரிசை நிற்கிறது. வாளை உருவிப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மதுரை ஜவுளிக்கடைக்காரர், மெட்ராஸ் காலேஜ் பையன்கள், நேற்று தாலி கட்டிய மாப்பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தச் சேணத்தில் உட்கார வேண்டும், அந்த வாளைப் பிடிக்க வேண்டும். ஒரு மாப்பிள்ளை உருவும்போதே தன் சட்டையைக் கிழித்துக்கொண்டான். பெண் சிரித்த சிரிப்பில் அவன் ஆயுசுக்கும் வாளைத் தொடமாட்டான்.

லீமா அப்பா இப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. "துரை எனக்குப் படையையே எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு புள்ள" என்கிறார்.

லீமா கம்பளிக்குப் பேர் வைத்துவிட்டாள். யூஎஸ். "யூஎஸ் எங்கம்மா?" என்று கேட்டுத்தான் படுக்கிறாள். இந்தக் குளிரில் போன வருடம் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்த வருடம் ஒரு முறையும் இல்லை.

ஒரு தாய் வேறு என்ன செய்வாள்? சொல்லுங்கள். யாரிடம் கேட்கிறேன், தெரியவில்லை.

1979 மே 19, சனி

சீசன். ஒரு நாளைக்கு இருபது சவாரி போகிறது.

மயில்சாமி என்னிடம் வந்தார். "தங்கச்சி, வெள்ளச்சி முதுகுல கை வச்சா சிலுத்துக்கிறா. பிடரி முடியுற எடத்துல தடிச்சுப்போய்க் கெடக்கு. தாசுகிட்ட சொன்னா கோவப்படுறான். அந்த அமெரிக்கா சேணத்தக் கொஞ்ச நாளைக்கு எறக்கி வைக்கச் சொல்லு."

சொன்னேன். லீமா அப்பா, "அவனுக்குப் பொறாம. அவங்குதிரையில எவன் ஏறுறான்?" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

துணி அறையில் கழித்துப்போட்ட பழைய விரிப்பு இரண்டைக் கொண்டுவந்து, "சாக்குக்கு மேல இதையும் போடுங்க, மெத்துன்னு இருக்கும்" என்றேன். அவர் என்னைச் சந்தோஷமாகப் பார்த்தார். "ஒனக்குக் குதிரைமேலயும் பாசந்தான்" என்றார். பருத்தி விரிப்பு அரைமணி நேரத்தில் சுருண்டு கயிறாகிவிடும் என்று துணிக்காரிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன், ஏதோ கொடுத்தோம் என்றிருக்க.

1979 ஜூலை 22, ஞாயிறு

பாச்சலூர்ப் பக்கம் லீமா அப்பாவின் அக்கா ஊரில் சந்தியாகப்பர் திருவிழா. சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரையில் வாளோடு வருகிறவர் அல்லவா? இந்த வருடம் ஊர்வலத்தில் தூக்கி வரும் அவர் சுரூபத்துக்கு முன்னால் நிஜக் குதிரை போக வேண்டுமாம். ஊர்க்காரர்கள் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளைக் குதிரையும் வாளும் உள்ள ஆள் இந்த மலையில் ஒருவர்தான்.

நாளை விடியும்போது குதிரையிலேயே கிளம்புகிறார். மலைப்பாதையில் ஒன்றரை நாள் சவாரி. நானும் லீமாவும் பஸ்ஸில்.

"பழைய சேணத்துல போங்களேன், தூரம் சாஸ்தி" என்றேன்.

"பழைய சேணத்துல சந்தியாகப்பர் வருவாரா?"

இன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். கம்பளி கட்டிலில்தான் கிடந்தது. லீமா அதன் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எடுத்து மடித்துக் கையில் கொடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கொடுத்தால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு ஒன்பது மாதப் பொய்யை அவிழ்க்க வேண்டும்.

1979 ஜூலை 29, ஞாயிறு

புதன்கிழமை ஊர்வலத்தில் தூறல். தலையில் தொப்பி, இடுப்பில் தோட்டா வார், தோளில் குப்பி, கையில் அந்த நேரான வாள். லீமா அப்பா வந்தபோது கிழவிகள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். லீமா, "எங்கப்பா, எங்கப்பா" என்று கத்தி என் சேலையைக் கிழித்தாள். எனக்கும் நெஞ்சு விம்மியது. அதை மறைக்கப்போவதில்லை. அந்த அரைமணி நேரம் எங்களைவிடப் பெரிய குடும்பம் இந்த மலையில் இல்லை.

கோவில் வாசலில் இறங்கிச் சேணத்தை எடுத்தார். நனைந்த சாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. சாக்கோடு தோலும் வந்துவிட்டது.

வெள்ளச்சி கத்தவில்லை. முழங்காலிட்டாள்.

திரும்பி வர அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. இன்று மத்தியானம் பார்த்தேன். சேணத்தைத் தன் தலையில் சுமந்துகொண்டு, குதிரையை வெறும் முதுகோடு நடத்திக்கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றி அவள் புண்மேல் போட்டிருந்தார்.

1979 ஜூலை 30

கால்நடை டாக்டர் வந்தார். விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். சீழ் எலும்புவரை போயிருக்கிறதாம். நேற்று வந்த புண் இல்லை, மாதக்கணக்காக உள்ளே பழுத்தது என்றார். சேணத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இது மிலிட்டரி சேணம் இல்ல? அடியில மெத்தையே கெடையாதே. கம்பளி மடிச்சுப் போடணும்னு ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

லீமா அப்பா, "தொரை அப்படி ஒண்ணும் சொல்லலீங்களே" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சொன்னாரா புள்ள?"

"இல்ல" என்றேன்.

"சொல்லலீங்க டாக்டர். பாவம், ஒடம்பு முடியாத மனுசன், மறந்திருப்பாரு" என்றார் லீமா அப்பா.

இரண்டாவது முறை. முதல் முறைக்கு லீமா காரணம். இதற்கு யார் காரணம்?

1979 ஆகஸ்ட் 12

அமெரிக்காவில் இருக்கும் துரைக்குக் கடிதம் எழுதச் சொன்னார் லீமா அப்பா. நான் என்ன தப்பு பண்ணினேன், புண்ணுக்கு என்ன வைத்தியம், ரெண்டையும் கேளு என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷில் நான் என்ன எழுதினாலும் அவருக்குத் தெரியாது. அதனால் உண்மையை எழுதினேன். நான் சொல்லவில்லை, கம்பளியை என் பிள்ளைக்கு எடுத்துக்கொண்டேன், குதிரை சாகக் கிடக்கிறது, மன்னியுங்கள். நான்கே வரி.

"எல்லாம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

அவர் தபால் பெட்டியில் தன் கையாலேயே போட்டார்.

1979 செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். பூசைக்குப் போகவில்லை. வெள்ளச்சி புண்ணுக்கு டர்பன்டைன், வேப்பெண்ணெய், மஞ்சள் எல்லாம் போட்டாயிற்று. ஈ விழுகிறது. அவர் கொட்டகையிலேயே இருக்கிறார். கொள்ளை அவித்து, மசித்து, அந்த அமெரிக்கப் பையில் போட்டு வாயில் மாட்டிப் பார்த்தார். நாலு வாய். அவ்வளவுதான்.

1979 செப்டம்பர் 20, வியாழன்

துரையின் மகளிடமிருந்து பதில். அப்பா ஜூலை மாதமே இறந்துவிட்டார், கடிதத்தைப் பிரித்தது நான்தான், நீங்கள் யார் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, வருந்துகிறேன். தட்டச்சில் மூன்று வரி.

"தொரை போயிட்டாரா?" என்று கேட்டுவிட்டு லீமா அப்பா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப இனிமே கேக்க ஆளில்ல" என்றார்.

1979 செப்டம்பர் 30

டாக்டர் கையை விரித்துவிட்டார். வேதனைப்படுத்தாமல் அனுப்பிவிடலாம் என்றார். அந்த மருந்து திண்டுக்கல்லிலிருந்து வரவேண்டும், பத்து நாளாகும்.

மத்தியானம் லீமா அப்பா வாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நான் லீமாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். எவ்வளவு நேரமோ. வெளியே வந்தபோது வாளில் ஒன்றும் இல்லை. படியில் உட்கார்ந்தார்.

"படையில குதிர கால ஒடிச்சுக்கிட்டா, ஏறுனவனே தன் கைத்துப்பாக்கியால சுட்டுருவானாம். அப்பிடித்தான் சட்டமாம். தொரை சொல்லியிருக்காரு. அவரும் ஒண்ணச் சுட்டாராம். சொல்லிட்டு அழுதாரு." அந்தக் காலி உறையை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார். "எனக்கு உறைய மட்டும் குடுத்துட்டுப் போயிருக்காரு."

1979 அக்டோபர் 4, வியாழன்

வெள்ளச்சி வெள்ளனே போய்விட்டாள். மருந்து வரவில்லை.

மயில்சாமியும் இன்னும் நாலு பேரும் வந்து குழி தோண்டினார்கள். லீமா அப்பா மண் தள்ளவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். "நான்தான் கொன்னேன்" என்று எல்லாரிடமும் சொன்னார். வந்தவரிடம் சொன்னார், போனவரிடம் சொன்னார், பால்காரரிடம் சொன்னார். ஆசை கண்ணை மறைச்சிருச்சு, சந்தியாகப்பர் வேசம் கட்டப்போய்ப் பாவத்தைக் கட்டிக்கிட்டேன் என்று.

நான் அங்கேயேதான் நின்றேன். ஆமாம், பக்கத்தில்.

1979 அக்டோபர் 6

கோவிலுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச்சாமி கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடவுள் மன்னிச்சாச்சு. மன்னிக்க வேண்டிய இன்னொருத்தர் வீட்டுல இருக்காரு."

1979 அக்டோபர் 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பூசை முடிந்து வந்து, லீமாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். துரை என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், டாக்டரிடம் ஏன் பொய் சொன்னேன், கடிதத்தில் என்ன எழுதினேன், எல்லாமே. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், யாரோ முகவரி கேட்டு வந்தவளைப் பார்க்கிற மாதிரி.

"சொல்லிருக்கலாம்ல புள்ள. கம்பளி பிள்ளைக்கு இருக்கட்டும்னு நான் பழைய சேணத்தையே போட்டிருப்பேன்ல."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

ஒரு வருடமாக நான் குதிரையா பிள்ளையா, குதிரையா பிள்ளையா என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு வழி இருந்ததே எனக்குத் தோன்றவில்லை. இத்தனை நாளும் பரண்மேல் பழைய சேணம் கிடந்தது. நான் அந்தப் பரணுக்குக் கீழேதான் தினமும் சோறு பொங்கினேன். அய்யோ, இந்த மனுசன் குடுத்திருப்பாரு. கேட்ட ஒடனே குடுத்திருப்பாரு. சேணத்தையே வேணாம்னுகூடச் சொல்லிருப்பாரு. எனக்கு ஏன் தெரியல? பத்து வருசம் கூட வாழ்ந்தவளுக்கு ஏன் தெரியல?

1979 அக்டோபர் 29

என்னிடம் பேசுவதில்லை. திட்டுவதும் இல்லை.

1979 நவம்பர் 18, ஞாயிறு

இப்போது அவருக்கு மயில்சாமியின் குதிரைக்குக் கயிறு பிடிக்கும் வேலை. பிள்ளைகளை ஏற்றி, ஏரியைச் சுற்றிக் கூடவே நடக்கிறார். வாளைக் கோவிலுக்குக் கொடுத்துவிட்டார். சந்தியாகப்பர் சுரூபத்துக்கு அது நீளம் அதிகமாம், பூசைப் பொருள் அறையில் துடைப்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

என்னிடம் சொல்ல வேண்டியதெல்லாம் லீமா வழியாக வருகிறது. "அம்மாகிட்ட சொல்லு, நான் வர நேரமாகும்." நான் இரண்டு அடி தள்ளி நிற்கிறேன். லீமா திரும்பி, "அம்மா, அப்பா வர நேரமாகுமாம்" என்கிறாள். "சரின்னு சொல்லு" என்கிறேன். அவளுக்கு இது விளையாட்டு. முதல் இரண்டு வாரம் எனக்கும் அப்படித்தான், இன்றோ நாளையோ முடிந்துவிடும் விளையாட்டு.

1980 பிப்ரவரி 3

மத்தியானம் சாப்பிடும்போது அவர் லீமாவிடம், "உப்பு" என்றார்.

லீமா என்னிடம் வந்து, "அம்மா, கொழம்பு நல்லா இருக்குன்னு அப்பா சொல்லச் சொன்னாங்க. உப்பு மட்டும் கொஞ்சம் வேணுமாம்" என்றாள்.

எட்டு வயது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். யாரிடமிருந்து கற்றாள் என்று கேட்க வேண்டியதே இல்லை.

1980 மார்ச் 16

லீமாவுக்கு மறுபடி இழுப்பு. கம்பளி போர்த்தியும் இழுப்பு. இந்த மலையே இவளுக்கு ஆகாது, கீழே சூடான ஊரில் வளரட்டும் என்கிறார் டாக்டர். வத்தலக்குண்டில் கன்னியர் விடுதியில் இடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் பங்குச்சாமி.

கம்பளியால் குணமாயிற்று என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு குளிர்காலம் தப்பித்தது. அவ்வளவுதான் போலிருக்கிறது.

1980 ஜூன் 1

விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. அவர் லீமாவிடம் சொன்னார், லீமா என்னிடம் சொன்னாள். "அப்பா அழுதாங்கம்மா" என்று சேர்த்துச் சொன்னாள். அது நிஜமா, அவள் சேர்த்ததா, எனக்குத் தெரியாது.

1980 ஜூன் 9, திங்கள்

இரண்டு பேரும் போய் விட்டுவிட்டு வந்தோம். போகும்போது லீமா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சேதி சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பாவுக்கு ஜன்னல் வேணுமாம், அம்மாவுக்குத் தலை சுத்துதாம். விடுதி வாசலில் கன்னியர் அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனபோது அழவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இனிமே யாரு சொல்லுவா?" என்று கேட்டாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரும்போது அவர் முன்னால் ஓர் இருக்கையில், நான் பின்னால். பதினேழு வளைவிலும் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். நிறைய நரைத்திருக்கிறது.

சாயங்காலம் தூறல் பிடித்தது. அவர் வாசலில் நின்றிருந்தார். வெளியே பார்த்தபடியே, "வெறகு நனையுது" என்றார்.

வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். என்னிடம்தான் சொன்னாரா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. போய் விறகை எடுத்து உள்ளே அடுக்கினேன். நான்கு நடை ஆயிற்று. அடுக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவர் ஏரிக்கரைப் பக்கம் கிளம்பிப் போயிருந்தார்.